வரிசையில் நிற்கும் தட்டுகள்: அமெரிக்காவின் முதியோர் உணவுத் திட்டம் – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் 60 வயது கடந்தவர்களுக்கு அரசுப் பணத்தில் நடக்கும் மதிய உணவைப் பற்றி வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். பெற்றோரை அங்கே அழைத்து வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள்தான் அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

என் அம்மாவுக்கு 68 வயது. பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கிறார். பக்கத்து சீனியர் சென்டரில் மதியச் சாப்பாடு போடுகிறார்கள். "நன்கொடை 3 டாலர்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் கணவரும் நன்றாகச் சம்பாதிக்கிறோம். இது ஏழைகளுக்கானது இல்லையா? வருமானச் சான்று கேட்பார்களா? "ஓசிச் சாப்பாட்டுக்குப் போய் உட்காரணுமா" என்கிறார் அம்மா.
– வாசகி, எடிசன், நியூஜெர்சி

வருமானச் சான்று கேட்கக் கூடாது என்பதுதான் சட்டம். 1965-இல் வந்த 'ஓல்டர் அமெரிக்கன்ஸ் ஆக்ட்' என்ற முதியோர் சட்டத்தின் கீழ் நடக்கும் திட்டம் இது. உணவுக்கான பகுதி 1972 மார்ச்சில், நிக்சன் காலத்தில் சேர்க்கப்பட்டது. தகுதி ஒன்றே ஒன்றுதான்: 60 வயது. 60 ஆனவருடைய கணவன் அல்லது மனைவிக்கு 60 ஆகாவிட்டாலும் உடன் உட்கார்ந்து சாப்பிடலாம். மற்றபடி வயது குறைந்த விருந்தினர்கள் முழு விலை கொடுக்க வேண்டும்.

அந்த 3 டாலர் கட்டணம் அல்ல. சாப்பாட்டுக்குக் கட்டணம் வாங்கவே சட்டத்தில் இடமில்லை. மனமுவந்து தருவதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். தராதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. யார் போட்டார், யார் போடவில்லை என்பது அடுத்தவர் கண்ணில் படக் கூடாது. அதனால்தான் மூடிய பெட்டியோ உறையோ வைக்கிறார்கள். அப்படிச் சேரும் பணம் அதே உணவுச் சேவையைப் பெருக்கத்தான் செலவாக வேண்டும். உங்களால் முடிகிறது, போடுங்கள். அம்மாவின் தயக்கத்துக்கும் அதுவே மருந்து. 3 டாலரில் ஒரு சாப்பாடு முடிவதில்லை, மீதியை வரிப்பணம் தாங்குகிறது. நீங்களும் வரி கட்டுகிறவர்கள்தானே.

முதல் நாள் ஒரு படிவம் தருவார்கள். பிறந்த தேதி, முகவரி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, சத்துக்குறைவு இருக்கிறதா என்று பார்க்கும் சில கேள்விகள் ஆகியவற்றோடு, வருமானம் வறுமைக் கோட்டுக்கு மேலா கீழா என்றும் ஒரு கட்டம் இருக்கும். அது புள்ளிவிவரத்துக்கு. அதை நிரப்பாவிட்டாலும் சாப்பாடு உண்டு. ஆனால் 'ஆங்கிலம் சரளமாக வராது' என்ற கட்டத்தை மட்டும் கட்டாயம் குறியுங்கள். அப்படிப்பட்ட முதியவர்களைத் தேடிப் போய்ச் சேர்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குறிக்காவிட்டால் அந்த ஊரில் தமிழ் பேசும் முதியவர் இருப்பதே கணக்கில் வராது.

செய்ய வேண்டியது: நியூஜெர்சியில் 21 கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்றவை) தனித்தனி முதியோர் அலுவலகம் இருக்கிறது, உங்கள் கவுண்டி அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் 'எல்டர்கேர் லொக்கேட்டர்' எண்ணான 1-800-677-1116-க்கு அழைத்து ஜிப் கோடைச் சொன்னால் போதும். பெரும்பாலான மையங்களில் முந்தைய நாளே பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்தால் அந்தச் சாப்பாடு குப்பைக்குப் போகும். செலவு மையத்தின் தலையில் விழும், சாப்பாட்டு எண்ணிக்கையில் மட்டும் ஏறாது. போக முடியவில்லை என்றால் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.

அப்பா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மையத்தில் கொடுப்பது சிக்கன், டர்கி. கேட்டால் சாலட் தருகிறார்கள். அரசுப் பணத்தில் நடப்பதால் சைவச் சாப்பாடு வேண்டும் என்று உரிமையோடு கேட்கலாமா?
– வாசகர், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

கேட்கலாம், கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. மருத்துவ, மத, பண்பாட்டுக் காரணங்களுக்கேற்ப உணவை மாற்றித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 'இயன்ற அளவு' என்ற சொல்லும் கூடவே நிற்கிறது. ஒருவருக்காகத் தனிச் சமையல் இயலாது. இருபது பேர் சேர்ந்து கேட்டால் அது இயலும் காரியமாகிவிடும். தனியாகப் போய்ச் சண்டை போடுவதைவிட, வருவதாக உறுதி சொல்கிறவர்களின் பெயர், வயது, எந்தெந்தக் கிழமை என்று பட்டியல் எழுதி, உங்கள் பகுதியில் முதியோர் திட்டங்களை நடத்தும் அலுவலகமான வட்டார முகமையிடம் கொடுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் இந்திய சைவ உணவுக்கு ஒரு சமையற்காரரைச் சேர்க்க அவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம்.

நம்மவர்கள் அறியாத இன்னொரு தடை உண்டு. நம் சாப்பாடு அப்படியே போனால் அவர்களுடைய அளவுகோலில் தேறாது. ஒரு வேளை உணவு, ஒரு நாளைக்குத் தேவையான சத்துகளில் மூன்றில் ஒரு பங்கைத் தர வேண்டும். உணவியலாளர் பார்த்துக் கையெழுத்திட்ட பட்டியல்தான் செல்லும். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், ஊறுகாய் என்று எழுதிக் கொடுத்தால் புரதத்தில் அடிபடும். இறைச்சியில் 3 அவுன்ஸ் கேட்கும் இடத்தில், வெந்த பருப்போ பயறோ முக்கால் கப் வேண்டும். தண்ணீராக ஓடும் சாம்பாரில் அவ்வளவு பருப்பு ஏது? அதற்குப் பதில் அரைக் கப் கெட்டிப் பருப்புக் கூட்டும் கால் கப் கொண்டைக்கடலைச் சுண்டலும் வைத்தால் கணக்கு நேராகும். பால் இருக்கும் இடத்தில் ஒரு கப் தயிர் செல்லும். கீரை அரைக் கப், வேறு ஒரு காய் அரைக் கப், ஒரு பழம்.

உப்புதான் அடுத்த தலைவலி. அமெரிக்க உணவு வழிகாட்டி பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2,300 மில்லிகிராம் சோடியம் வரை என்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி உப்பில் முடிந்துவிடும். அதில் மூன்றில் ஒரு பங்கு 770 மில்லிகிராம் அளவு. பல மாநிலங்கள் ஒரு வேளைக்குச் சற்றே கூடுதலாக விட்டுக்கொடுக்கின்றன. இருந்தும் ஊறுகாய்க்கு அங்கே இடமில்லை. எலுமிச்சை, மிளகு, சீரகம், கொத்தமல்லி கொண்டு சுவை கூட்டத் தெரிந்த கை வேண்டும்.

தயிர்சாதத்தைக் கலந்து வைக்காதீர்கள். சூடான பண்டம் 57 டிகிரி செல்சியஸுக்கு மேலும், குளிர்ந்த பண்டம் 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். சுடுசோற்றில் தயிரை ஊற்றினால் இரண்டுக்கும் நடுவே, கிருமிக்குப் பிடித்த வெப்பத்தில் போய் நிற்கும். ஆய்வாளர் வெப்பமானியைக் குத்திப் பார்த்து அண்டாவோடு கொட்டச் சொல்லிவிடுவார். சோறு தனி, குளிர்ந்த தயிர் சிறு கிண்ணத்தில் தனி. அப்பா தன் தட்டில் பிசைந்துகொள்ளட்டும்.

மையத்தில் மிஞ்சியதை டப்பாவில் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?
– வாசகி, ஜெர்சி சிட்டி

பழம், ரொட்டி, மூடிய பால் பாக்கெட் போன்றவற்றைப் பல மையங்கள் அனுமதிக்கின்றன. சூடான பண்டத்தைப் பெரும்பாலும் விடமாட்டார்கள். பையில் இரண்டு மணி நேரம் கிடந்த சோற்றைச் சாப்பிட்டு யாருக்காவது வயிற்றைப் பிடுங்கினால் பழி மையத்துக்குத்தான் வரும். எடுத்துச் செல்லவென்றே கட்டிக் கொடுக்கும் சாப்பாடு வேறு. 2024-இல் வந்த புதிய விதிப்படி, கூடிச் சாப்பிடுவதற்கான நிதியில் 25 விழுக்காடு வரை அதற்குச் செலவிடலாம். உங்கள் மையத்தில் அது உண்டா என்று கேளுங்கள்.

மாமியாருக்கு 79 வயது. இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறார். வீடு தேடி வரும் சாப்பாட்டுக்கு விண்ணப்பித்தோம். காத்திருப்போர் பட்டியலில் போட்டுவிட்டார்கள். தகுதி இருந்தால் கொடுக்க வேண்டியதுதானே?
– வாசகி, நேப்பர்வில், இல்லினாய்ஸ்

இந்தத் திட்டத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. தகுதி இருக்கிறவர் எல்லோருக்கும் கொடு என்று சட்டம் சொல்லவில்லை. தகுதி இருக்கிறவர்களுக்கு, இருக்கிற பணம் வரை கொடு என்கிறது. ஆண்டுதோறும் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு தொகை ஒதுக்கும். 2024 நிதியாண்டில் மையங்களில் கூடிச் சாப்பிடுவதற்கு ஏறத்தாழ 56.5 கோடி டாலர், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு 38.1 கோடி, முந்தைய ஆண்டு போட்ட சாப்பாடுகளின் எண்ணிக்கைக்கேற்ப உணவுப் பொருளுக்கென்று தரும் ஊக்கத்தொகை 11.2 கோடி. அந்தந்த மாநிலத்தில் 60 வயது கடந்தவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் முதல் இரண்டையும் பிரிக்கிறார்கள். மாநிலம் தன் சூத்திரப்படி வட்டார முகமைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். முகமை உள்ளூர் அமைப்புகளோடு ஒப்பந்தம் போடும். அரிசி விலையும் பெட்ரோல் விலையும் ஏறினால் அந்தத் தொகை தானாக ஏறாது, சாப்பாட்டின் எண்ணிக்கைதான் குறையும். பட்டியல் நீள்வது அதனால்தான். கட்டணமும் வாங்காதே, வருமானமும் கேட்காதே என்று சொல்லிவிட்டுப் பணத்துக்கு மட்டும் உச்சவரம்பு வைத்தால், காத்திருப்பைத் தவிர வேறு வடிகால் இல்லை. கூடிச் சாப்பிடும் கணக்கிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக் கணக்குக்கு 40 விழுக்காடு வரை மாநிலம் மாற்றிக்கொள்ளலாம். பல மாநிலங்கள் மாற்றத்தான் செய்கின்றன.

அந்தப் பட்டியல் பெரும்பாலும் வந்த வரிசைப்படி நகர்வதில்லை, மதிப்பெண்படி நகர்கிறது. மதிப்பீட்டுக்கு வருகிறவர் குளிப்பது, உடுத்துவது, நடப்பது, சமைப்பது, கடைக்குப் போவது பற்றியெல்லாம் கேட்பார். நம் வீட்டுப் பெரியவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வெளியார் முன்னால் "எல்லாம் நானே பண்ணிக்குவேன்" என்பார்கள். அடுப்படியில் ஐந்து நிமிடம் நிற்க முடியாதவர்கூட அப்படித்தான் சொல்வார். மருமகளாக நீங்கள் பக்கத்தில் இருந்து, முடியாத நாளில் என்ன நடக்கிறது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்: தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமைக்க முடியவில்லை, காலை 8 முதல் மாலை 6 வரை வீட்டில் யாரும் இல்லை. கடைசி விவரம் ரொம்ப முக்கியம். 'மகன் வீட்டில் இருக்கிறார்' என்று மட்டும் எழுதினால், வேளாவேளைக்குப் போட ஆள் இருப்பதாக எடுத்துக்கொண்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். உடல்நிலை மோசமானால் மறுமதிப்பீடு கேளுங்கள். ஆறு மாதம் முந்தைய மதிப்பெண்ணோடு பட்டியலில் கிடப்பதில் பலன் இல்லை.

காத்திருக்கும் காலத்துக்கு மூன்று வழிகள். முதியோருக்கு அரசு நேரடியாகத் தரும் மருத்துவக் காப்பீடான 'ஒரிஜினல் மெடிக்கேர்' வீட்டுச் சாப்பாடு தராது. ஆனால் அதற்குப் பதிலாகத் தனியார் நிறுவனங்கள் வழியே எடுக்கும் மெடிக்கேர் அட்வான்டேஜ் திட்டங்களில் சில, மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு சில வாரங்களுக்குத் தருகின்றன. காப்பீட்டு அட்டையின் பின்புற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட் இருந்தால், முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டிய நிலையில் இருப்பவரை வீட்டிலேயே பராமரிக்கும் 'வெய்வர்' திட்டத்தில் பல மாநிலங்கள் சாப்பாட்டையும் சேர்த்திருக்கின்றன. மூன்றாவது, உணவு கொண்டு வரும் அதே அமைப்பிடம் முழு விலை கொடுத்து வாங்கிக்கொள்வது. பல இடங்களில் அதற்குப் பட்டியல் இல்லை.

சாப்பாடு வரத் தொடங்கிய பிறகு ஒன்றைக் கவனியுங்கள். கொண்டு வருகிறவர் வாசலில் வைத்துவிட்டுப் போகமாட்டார். ஆளைப் பார்த்துக் கையில் கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் விதி. முதியவர் விழுந்து கிடந்ததை முதலில் கண்டவர் சாப்பாடு கொண்டு வந்தவர்தான் என்பது அங்கே சகஜம். டாக்டரிடம் போகிற நாளில் முன்கூட்டியே சொல்லாமல் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் அவசர எண்ணுக்கு அழைப்பு வரும். அடிக்கடி நடந்தால் சாப்பாட்டை நிறுத்தியும் விடலாம்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் 60 கடந்தவர்கள் நிறைய. வாரம் இரண்டு நாள் மதியச் சாப்பாடு போட அரசு நிதி வாங்க முடியுமா? சங்கம் பதிவு செய்யப்பட்ட லாப நோக்கற்ற அமைப்பு.
– சங்கச் செயலாளர், பிளேனோ, டெக்சஸ்

முடியும். ஆனால் நேரடியாக விண்ணப்பிக்காதீர்கள். இந்தச் சட்டத்தில் உணவுத் திட்டம் என்றால் வாரம் ஐந்து நாள் என்பதுதான் அடிப்படை. இரண்டு நாள் சங்கத்துக்கு நல்ல வழி, ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருக்கும் ஓர் அமைப்பின் கீழ் ஒரு பரிமாறும் இடமாகச் சேர்ந்துகொள்வது. கணக்கு, அறிக்கை, உணவியலாளர் எல்லாம் அவர்களிடம் இருக்கும். மண்டபமும் ஆட்களும் சமையலும் உங்களுடையவை. வட்டார முகமை இரண்டு முதல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திட்டம் தீட்டும், பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடத்தும். அந்தக் கூட்டத்துக்கு முதியவர்களை அழைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். ஒப்பந்தப் புள்ளி கோரிய பிறகு ஓடுவது தாமதம்.

கணக்கு எப்படி இடறும் என்பதற்கு ஒரு மாதிரி. வாரம் 2 நாள், 50 வாரம், நாளுக்கு 40 பேர்: ஆண்டுக்கு 4,000 சாப்பாடு. மண்டப வாடகை, சமையற்காரர் சம்பளம் போன்ற நிலையான செலவு 24,000 டாலர். மளிகை, காய், டப்பா ஒரு சாப்பாட்டுக்கு 4 டாலர் வீதம் 16,000. மொத்தம் 40,000, ஒரு சாப்பாடு 10 டாலர். மத்திய அரசின் பங்கு 85 விழுக்காட்டுக்கு மேல் போகாது, அதாவது 34,000. மீதி 6,000 உள்ளூர்ப் பங்கு.

முதல் தவறு இங்கேயே நடக்கும். 34,000-இல் 15 விழுக்காடு என்று 5,100-ஐ எழுதிவிடுவார்கள். 15 விழுக்காடு மொத்தச் செலவில் பார்க்க வேண்டியது. 34,000-ஐ 85-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள், 6,000 வரும். 900 டாலர் குறைந்தால் தணிக்கையில் பிடிப்பார்கள். அந்த 6,000 ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் மண்டபத்தின் நியாயமான வாடகை, தொண்டர்களின் மணிக்கணக்கு ஆகியவையும் செல்லும். ஆனால் அன்றன்றைக்குத் தேதி, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து இருக்க வேண்டும். ஆண்டு முடிவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய தாள் செல்லாது. சாப்பிட்டவர்கள் பெட்டியில் போட்ட பணத்தை இந்த 6,000-இல் காட்டக் கூடாது. இன்னொரு மத்திய நிதியையும் காட்டக் கூடாது.

இரண்டாவது, ஆள் குறைவது. ஒப்பந்தம் ஒரு சாப்பாட்டுக்கு 8 டாலர் 50 சென்ட் என்று இருந்து, 40 பேருக்குப் பதில் 28 பேர்தான் வந்தால் ஆண்டுக்கு 2,800 சாப்பாடு. வரும் பணம் 23,800, உங்கள் பங்கு 6,000, ஆக 29,800. செலவோ 24,000 கூட்டல் 11,200, அதாவது 35,200. சங்கத்துக்கு 5,400 டாலர் நட்டம். எனவே முதல் ஆண்டு ஒப்பந்தத்தில் எண்ணிக்கையைப் பெரிதாகச் சொல்லாதீர்கள். தீபாவளி விழாவுக்கு வரும் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட்ட சங்கம் செவ்வாய்க்கிழமை மதியம் காலி நாற்காலிகளைத்தான் பார்க்கும். காரோட்டாத முதியவர்களை யார் அழைத்து வருவது என்று முதலில் தீர்மானியுங்கள், சாப்பாடு அப்புறம்.

மூன்றாவது, கையிருப்பு. செலவு செய்த பிறகுதான் பில் அனுப்ப முடியும். பணம் வர ஒன்றிரண்டு மாதமாகும். அக்டோபர் 1-இல் நிதியாண்டு தொடங்கியும் ஒதுக்கீடு நிறைவேறாத ஆண்டுகளில் இன்னும் இழுக்கும். இரண்டு மாதச் செலவு வங்கியில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

சமையல்: உறுப்பினர்கள் வீட்டில் ஆளுக்கொரு பண்டம் செய்து எடுத்து வருவது நடக்காது. உரிமம் பெற்ற சமையலறை வேண்டும். அதே ஊரில் உள்ள இந்திய உணவகத்தோடு பேசலாம், ஒவ்வொரு பண்டத்துக்கும் அளவு எழுதிய செய்முறையை அவர்கள் தரச் சம்மதித்தால். 'கண்ணளவு' என்பது உணவியலாளரிடம் எடுபடாது. மிஞ்சிய சோற்றைக் குளிரவைத்தால் 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்கியாக வேண்டும். ஆழமான அண்டாவில் மூடி வைத்தால் இறங்காது. அகலத் தட்டில் இரண்டங்குல உயரத்துக்குமேல் போகாமல் பரப்பி வையுங்கள். சோற்றில் இருக்கும் ஒருவகைக் கிருமியின் விதை வெந்த பிறகும் சாகாது. ஆறும் நேரத்தில்தான் பெருகி நஞ்சு விடும், மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

கையெழுத்துத் தாளில் 60 கடந்தவர், விருந்தினர், தொண்டர் என்று மூன்று பிரிவாக எழுதுங்கள். சாப்பாட்டு எண்ணிக்கைக்கேற்ப வரும் ஊக்கத்தொகை தகுதியுள்ள சாப்பாட்டுக்கு மட்டும்தான். மெடிக்கெய்ட் பணம் கொடுத்த சாப்பாட்டை இதிலும் சேர்த்து எண்ணினால் பின்னால் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

'மீல்ஸ் ஆன் வீல்ஸ்' திட்டத்தையே அரசு மூடப்போகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை வாட்ஸாப்பில் வருகிறதே?
– வாசகர், சேலம்

அது ஒற்றைத் திட்டமே அல்ல. முதியோருக்கு வீடு தேடிச் சாப்பாடு கொடுக்கும் ஆயிரக்கணக்கான உள்ளூர் அமைப்புகளுக்குப் பொதுப்பெயர். 1954-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது, அரசு நிதி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு. 2017-இல் வெள்ளை மாளிகை வெளியிட்ட நிதிநிலை முன்மொழிவில் ஊர் வளர்ச்சி மானியம் ஒன்றை நிறுத்தச் சொன்னார்கள். சில அமைப்புகள் அதிலிருந்தும் பணம் பெற்றுவந்ததால் செய்தி பெரிதானது. அந்த மானியத்தை நாடாளுமன்றம் நிறுத்தவில்லை. பெரும்பங்கு மத்தியப் பணம் வருவது மேலே சொன்ன முதியோர் சட்டத்திலிருந்து. மூடுவதைவிட, தொகை ஏறாமல் அப்படியே கிடப்பதுதான் இந்தத் திட்டத்தைத் தேய்க்கிறது. அது செய்தியாவதில்லை.

அமெரிக்காவை விடுங்கள். தமிழ்நாட்டில் முதியவருக்கு அரசு சோறு போடுகிறதா?
– வாசகர், மதுரை

போடுகிறது, ஆனால் முதியோர் உதவித்தொகையோடு சேர்ந்துதான். உதவித்தொகை பெறுகிறவர் சத்துணவு மையத்தில் மதியம் சாப்பிடலாம் என்று எண்பதுகளிலிருந்தே ஏற்பாடு உண்டு. மையத்தில் சாப்பிடுகிறவருக்கு மாதம் 2 கிலோ, சாப்பிடாதவருக்கு 4 கிலோ விலையில்லா அரிசி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை. தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மத்தியத் திட்டத்தில் வருகிறவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு 80 வயதுக்குக் கீழே 200, மேலே 500, மீதி மாநிலத்துடையது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் தட்டேந்தி நிற்கக் கூச்சப்பட்டு அரிசியை வாங்கிக்கொள்கிறவர்களே மிகுதி. சமைத்துப் போட ஆளில்லாதவருக்கு 4 கிலோ அரிசியால் என்ன பயன் என்று திட்டம் போட்டவர்கள் யோசித்திருக்கலாம்.

உதவித்தொகைக்கு 60 வயது, ஆதரவற்ற நிலை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். சம்பாதிக்கும் மகனின் பெயர் அதே குடும்ப அட்டையில் இருந்தால் விசாரணையில் கேள்வி வரும். மகன் உண்மையில் பிரிந்து வாழ்கிறார் என்றால் அட்டையில் பெயர் நீக்கத்தை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் வயதும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.